பாவணே சார்

கோர்படி, புனே
12 ஜனவரி 1997

அன்புள்ள ருக்மிணி அக்காவுக்கு,

கோதை எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். நீயும் கேஷவ் மாமாவும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

உன் பிலாய் முகவரி எப்படிக் கிடைத்தது என்று ஆச்சரியப்படுவாய். உன் சிநேகிதி சந்திரிகா அக்கா பாங்க் கவுண்ட்டரில் ஒரு சீட்டில் எழுதி, அம்மாவின் பாஸ்புக்குக்குள் வைத்து நீட்டினார். வெளியே வந்ததும் அம்மா அதைத் திறக்காமலே என்னிடம் கொடுத்து, "எனக்குக் கண்ணாடி இல்ல, நீயே பத்திரமா வச்சிக்கோ" என்றாள். கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது.

முக்கியமான செய்தி இதுதான். மே மாதத்தோடு அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது முடிகிறது. லோகோ ஷெட்டில் வேலை முடிந்தால் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அரக்கோணத்துக்கே வந்துவிடு என்று பெரியப்பா எழுதியிருந்தார். அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "முப்பத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். அங்க போனா நீ யாருன்னு என்னைத்தான் கேப்பாங்க" என்றார். ஆகவே வீடு தேடுகிறோம். புதிய ஃபிளாட் எதுவும் நமக்கு எட்டாது. சின்னதாக, பழையதாக, ஆனால் சொந்தமாக ஒன்று.

நிக்டியில் ஒரு மூன்றாவது மாடி வீடு கொஞ்சம் மலிவாக வந்தது. பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "கீழ தரை நம்மது இல்ல. மேல கூரை நம்மது இல்ல. நடுவுல இருக்கிற காத்தை எதுக்கும்மா விலை குடுத்து வாங்கணும்?" பக்கத்து சீட்டில் இருந்தவருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. அவர் சிரித்துவிட்டார். அப்பா நிக்டி வரைக்கும் போன கோபத்தை அவர் மேல் காட்டினார்.

இன்று பார்த்த வீட்டைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று ஓடி வந்தேன். ரயில்வே கேட்டைத் தாண்டி, மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து. நான்கு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கும், மாடியில்லாத பைட்டி சாள். நீயும் நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே, மற்ற சாள் எல்லாம் நிற்கிறதா, இது மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று! அதில் கடைசி வீடு. கட்டி நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. ஒரு முன்னறை, இருட்டாக ஒரு நடுவறை, பின்னால் சமையலறை. ஓட்டுக்கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். அதன் வழியாக ஒரு சதுரம் வெயில் தரையில் விழுகிறது. நாங்கள் அங்கே இருந்த நேரத்துக்குள் அது அரிசி டப்பாவிலிருந்து அம்மியின் மேல் ஏறிவிட்டது.

நடுவறைக்கு மேலே ஒரு போட்மாளா இருக்கிறது. வெறும் பரண் இல்லை அக்கா. இரண்டு பேர் பாய் விரித்துப் படுக்கலாம். உட்கார்ந்தால் தலை இடிக்காது. நின்றால் இடிக்கும். சின்ன ஜன்னல். அதைத் திறந்தால் தண்டவாளம். செங்குத்தான மர ஏணியில் நான் ஏறிப் பார்த்து, இரண்டு பாய்க்கும் இடையில் ஒரு புத்தக அலமாரி நுழையுமா என்று சாண் போட்டு அளந்துவிட்டு இறங்கினேன்.

அப்பா ஒவ்வொரு சுவரையும் எஞ்சினைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "ஈரம் இருக்கு. ஆனா அஸ்திவாரம் கெட்டி" என்றார். அம்மாவோ சமையலறை ஜன்னலிலிருந்து நகரவே இல்லை.

வீட்டுக்காரி ஜோக்ளேகர் காகு, நாசிக்கில் தன் தங்கையோடு போய் இருக்கப் போகிறார். அவர் கதவில் மாட்டியிருக்கும் பலகையை நீ படிக்க வேண்டும். 'ஒன்றிலிருந்து மூன்றரை வரை மணி அடிக்க வேண்டாம். அடித்தாலும் கதவு திறக்காது.' காகு எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான்கு வீட்டுக்கும் ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். தலைக்கு இவ்வளவு நிமிஷம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அதனால் வீட்டில் எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல வேண்டுமாம்.

"தீன்" என்றார் அப்பா. மூன்று.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். எனக்கு அந்த நிமிஷத்தில் வீடு பிடிக்காமல் போய்விட்டது. பிறகு மறுபடியும் பிடித்துவிட்டது. காரணம் சொல்கிறேன், சிரிக்காதே.

நீங்கள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட செய்தி ஷெட்டில் யாரோ சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமே அவ இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது" என்றார். இந்த ஒன்றரை வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். 'இந்த' என்றால் பக்கத்தில் இருப்பதைத்தான் குறிக்கும். 'இந்த வீடு' என்றால் ரயில்வே குவார்ட்டர்ஸ், டைப் டூ, நம்பர் பதினேழு. மே மாதத்துக்குப் பிறகு இது வேறு யாருடைய வீடோ. புது வீட்டைப் பற்றி அப்பா எதுவும் சொல்லவில்லை. இலக்கணப்படி நீ வரலாம்.

அப்பாவுக்கு இலக்கணம் தெரியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வீடு நமக்கே கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். பதிலைச் சந்திரிகா அக்காவின் பாங்க் முகவரிக்கு அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
கோதை

கோர்படி
3 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கார்டு வந்தது. நான்கே வரிதான் என்றாலும் நான் அதைச் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்து வகுப்பில் பதினோரு தடவை படித்தேன். 'வீட்டைப் பற்றி இன்னும் எழுது' என்று கேட்டிருக்கிறாய். 'அப்பா என் பேரைச் சொல்வதுண்டா?' என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் இருக்கிறது. நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மாலை பாத்திமா ஆன்ட்டி அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து கூப்பிட்டார், நமக்கு ஃபோன் என்று. அப்பா ஷெட்டிலிருந்து வரவில்லை. நான்தான் ஓடினேன். ஜோக்ளேகர் காகு. வீட்டைக் கேட்டு இன்னொருவரும் வந்திருக்கிறாராம். கோணி மூட்டை வியாபாரி. கிடங்காக வைத்துக்கொள்ளக் கேட்கிறாராம். யாருக்குக் கொடுப்பது என்று ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்யப் போகிறார். "ரவிவாரி யா" என்று அன்று வரச் சொல்லி, "பாவணே சார்" என்றார். நான் சரியென்று சொல்வதற்குள், "பாவணே சார், பர் கா!" என்று இன்னொரு தடவை அழுத்திச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா, "யாருடி அந்தப் பாவணே சாரு? அவரு எதுக்கு நடுவுல?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூடவே கர்வமும் வந்தது. மராத்தி பாடத்தில் 'பாஹுணே' என்று வருகிறது. விருந்தாளிகள். பேச்சில் அதைத்தான் எல்லாரும் 'பாவணே' என்கிறார்கள். என் பின் பெஞ்சு ஷைலாகூட, வீட்டுக்கு விருந்தாளி வந்தால், 'ஆம்ச்யா கடே பாவணே ஆலேத்' என்றுதான் சொல்வாள். 'சார்' என்றால் நான்கு. "சாரும் இல்ல, மோரும் இல்லம்மா. விருந்தாளிங்க நாலு பேரும் வரணும்னு சொல்றாங்க" என்று விளக்கினேன்.

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அது என்ன எண் என்று எனக்கே உறைத்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு அப்பா நின்றிருந்தார்.

"நாலா? மூணுன்னுதானே சொன்னேன்."

"நாலுன்னுதான்ப்பா. ரெண்டு தடவை சொன்னாங்க."

அம்மா தலையைத் தூக்கவில்லை. பட்டாணி மட்டும் வேகவேகமாக உரிந்தது. அப்பா சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் என்ன நினைத்தார் என்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. காகு நம்மைப் பற்றி விசாரித்திருக்கிறார், மூத்த பெண் விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது, 'உங்கள் வீட்டில் நாலு பேர் என்று எனக்குத் தெரியும்' என்று குத்திக்காட்டுகிறார் என்றே நினைத்திருக்கிறார்.

சனிக்கிழமை ராத்திரி கை கழுவும்போது, யாரிடம் என்றில்லாமல், "மூத்தவ ஊர்ல இல்லன்னு சொல்லிடலாம்" என்றார். மூத்தவ! பெயர் இல்லை அக்கா. ஆனால் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. மூத்தவள் என்று ஒருத்தி இருந்தால்தானே ஊரில் இல்லை என்று சொல்ல முடியும்? நான் உடனே போய் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

காகு நேரம் சொல்லவில்லை என்பதுதான் எங்கள் எண்ணம். விருந்தாளியாகக் கூப்பிட்டவர் வீட்டுக்கு எப்போது போவோமோ அப்போது போனோம். ஐந்தே கால். காகு வாசலிலேயே நின்றிருந்தார். முகம் கதவுப் பலகையைப் போலவே இருந்தது.

அவர் வாய் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, ஷெட்டில் பெரிய அதிகாரி முன்னால் நிற்பது போல நின்று, அவருடைய ரயில்வே இந்தியில் சொன்னார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. நாங்கள் மூன்று பேர் என்று சொன்னது தப்பு. நாங்கள் நாலு பேர். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ருக்மிணி. கல்யாணமாகிப் பிலாயில் இருக்கிறாள். தூரம், அதனால் இன்றைக்கு வர முடியவில்லை. அவளை விட்டுவிட்டு எண்ணிச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிறது.

காகு எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே சுவர்க் கடிகாரத்தைக் கையால் காட்டி, "நான் சொன்னது மணி! பாவணே சார்! நாலு மணிக்குக் கால் மணி முன்னால்! நாலு பேரை யார் கேட்டது?" என்று மராத்தியில் கத்தினார். ஒன்றரை மணி நேரமாக மூன்று தடவை டீயைச் சுட வைத்து இறக்கினாராம்.

நான் கோட்டை விட்டது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்துப் புரிந்தது. அப்பாவுக்கு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் புரிந்தது. அவர் காது மடல் சிவந்துபோனது. காகுதான் முதலில் சிரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளைக் குறைத்துத்தான் சொல்கிறார்கள். நான் கேட்காமலே வந்து ஒத்துக்கொண்டவர் நீங்கள் ஒருத்தர்தான்" என்று சொல்லி உள்ளே போய், நான்காம் தடவையாக அந்த டீயைச் சுட வைத்தார்.

வீடு நமக்குத்தான் அக்கா! கோணி மூட்டைக்காரர் ஆறு மணிக்கு வந்தபோது காகு அவரிடம் அதைச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் வேகமாக நடந்த அப்பா நிற்க வேண்டியதாயிற்று. நாங்களும் போய்ப் பக்கத்தில் நின்றோம். அப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "மராத்தில எத்தனை மார்க்கு?" என்று கேட்டார்.

"எழுபத்தெட்டுப்பா."

"ஜாஸ்தி போட்டுட்டாங்க."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நான் அப்பவே சொன்னேன், அது யாரோ ஒரு சாருன்னு. என் பேச்சை யாரு கேக்கறீங்க" என்றாள். அதற்குள் கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அம்மா அப்பாவைப் பார்த்து, "ஏங்க, அங்க சொன்னது சொன்னதுதானே?" என்று கேட்டாள். எனக்கே கேட்டது. அப்பா பெட்டிகளை எண்ணுவது போல நின்றார். கேட் திறந்ததும் நடந்துவிட்டார்.

அப்பா உன் பெயரைச் சொல்வதுண்டா என்றால், சொன்னார். என் தப்பால்தான் சொன்னார். தப்பு என்று தெரிந்த பிறகு திரும்பச் சொல்லவில்லை. இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாயோ தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
கோதை

கோர்படி, மாவு மில் எதிர்ச் சந்து
18 மே 1997

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

புது முகவரியைப் பார்த்தாயா? பத்து நாள் ஆகிறது வந்து. பால் காய்ச்சினோம். பாத்திமா ஆன்ட்டி பெரிய டேக்சாவில் சேமியா கொண்டுவந்தார். மூன்றாம் நாள் பெய்த கோடை மழையில் நடுவறையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. அப்பா அன்றே கூரையில் ஏறி ஓடு மாற்றினார். குவார்ட்டர்ஸில் ஒழுகினால் மூன்று விண்ணப்பம் எழுதிக் காத்திருப்பார். இங்கே ஒழுகினால் சந்தோஷமாக இருக்கிறார்.

உன் விஷயமாக மூன்று மாதத்தில் ஒரு பேச்சும் இல்லை. ஆனால் தண்ணீர் வருகிறது. சொல்கிறேன், கேள். காகு நாசிக்குக்குக் கிளம்புமுன் குழாய் நோட்டில் நம் வீட்டுக்கு நேராக நாலு பேர் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் தினமும் நான்கு பேருக்கான நிமிஷம் நமக்குக் கிடைக்கிறது. அம்மா மூன்று பேருக்கு வேண்டியதைப் பிடித்த பிறகும் குழாயை மூடுவதில்லை. ஒரு பித்தளைக் குடத்தைத் தனியாக வைத்து நிரப்புகிறாள். மறுநாள் காலையில் அதைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறாள். உன் பங்குத் தண்ணீரில் ஒரு செம்பருத்தி வளர்கிறது.

முந்தாநாள் பக்கத்து வீட்டு ஷிந்தே வஹினி குழாயடியில் அப்பாவைக் கேட்டுவிட்டார். ஒரு வாரமாகப் பார்க்கிறேன், மூன்று தலைதான் தெரிகிறது, நாலாவது ஆள் எப்போது வரும், வராவிட்டால் அடுத்த மாதம் மூன்று என்று திருத்திவிடலாமா என்று. அவர் வீட்டில் ஏழு பேர். கேட்டது நியாயம்தான். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டாள். நான் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "திருத்த வேணாம். இருக்கட்டும்" என்று மட்டும் இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் பவானி பேட்டுக்குப் போய், வளைத்த இரும்புக் குழாய் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். போட்மாளா ஏணிக்குக் கைப்பிடி போடப் போகிறாராம். நான் அந்த ஏணியில் கையை விட்டே ஏறுவேன் என்பது அவருக்குத் தெரியும். அம்மா முழங்கால் வலியோடு அதன் பக்கமே போக மாட்டாள். அப்பாவுக்கு எஞ்சின் மேலே ஏறி இறங்கியே காலம் போய்விட்டது. ஸ்டேஷன் நடைபாலத்தில்கூடக் கீழே பார்க்காமல், என் கையைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நடப்பது நம் வீட்டில் ஒரே ஒருத்திதான்.

"யாருக்குப்பா கைப்பிடி?" என்று கேட்டேன்.

"வீடுன்னா நாலு பேர் வருவாங்க, ஏறுவாங்க. உனக்கு என்ன? ஸ்பேனரை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். குழாயைச் சுவரோடு வைத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். அழித்தார். கொஞ்சம் மேலே போட்டார். அதையும் அழித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பாமலே, அம்மாவிடம், "அவ எவ்வளவு உசரம் இருப்பா?" என்று கேட்டார்.

அம்மா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். தன் நெற்றிக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். அப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டு மூன்றாவது கோட்டைப் போட்டார். தோசை தீய்ந்துவிட்டது.

அக்கா, அப்பா உன்னை வரச் சொல்லி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னார் என்று நான் பொய் எழுத மாட்டேன். சொல்வாரா என்றும் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. சற்று முன் எழுந்து வந்து, பிலாய்க்குப் பக்கத்தில் இருக்கும் துர்க்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஆசாத் ஹிந்த் வண்டிதான் வசதி, அது ஸ்டேஷனுக்குள் நுழையுமுன் நம் வீட்டுக்குப் பின்னால்தான் போகும், இடது பக்கமா வலது பக்கமா என்பது பெட்டியில் எப்படி உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தது என்று, பூகோளப் பாடம் நடத்துவது போலச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு உன்னைக் கூப்பிடத் தெரியவில்லை அக்கா. மாமாவையும் அழைத்துக்கொண்டு நீயே வந்துவிடேன். கைப்பிடியை இன்னும் முறுக்கி இறுக்கவில்லை. அம்மா காட்டிய உயரம் சரிதானா என்று ஆள் வந்து பிடித்துப் பார்த்த பிறகுதான் இறுக்குவாராம்.

உன் வரவுக்காக ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும்,
கோதை